ஐந்தரை மணிக்குப் போனவர்கள்

மேனேஜர் கலியமூர்த்தி பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்து முடித்ததும் மூடியை ஒருமுறை பார்த்தார், பேன்ட்டில் துடைத்தார், திரும்பப் பேனாவில் மாட்டினார். பிறகு அதே பேனாவை ரிப்போர்ட்டின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு பாப்பா. உங்க கடை சீலும் வெச்சிடு."

எனக்கு வயது இருபத்தெட்டு. எம்.சி.ஏ. படித்திருக்கிறேன். என் அப்பாவே என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. இந்த ஆள் மட்டும் நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை பாப்பா, பாப்பா என்பார். அன்பரசி என்று ஒரு பெயர் இருப்பதை எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. அவ்வளவு குடைந்தும் என்ன பிரயோஜனம் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் தங்கதுரை என்பவர் நடத்தும் கடையில் வேலை செய்கிறேன். கேமரா, பில் போடும் மெஷின், விரல் வைத்து வருகை பதியும் மெஷின் எல்லாம் விற்கிறோம். அந்த மெஷின்கள் சேர்த்துவைக்கும் பதிவுகளை டேட்டாபேஸில் ஏற்றி, யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று குவெரி எழுதி, அதாவது கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டு, எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஊரைச் சுற்றியிருக்கும் பீங்கான் கம்பெனிகளில் பல இடங்களில் எங்கள் மெஷின்தான். கலியமூர்த்தியின் கம்பெனியில் பீஸ் கட்டை செய்கிறார்கள், வீட்டு மீட்டர் பலகையில் இருக்குமே, அந்த வெள்ளைக் கட்டை. முதலாளி சென்னையில் இருக்கிறார். இங்கே எல்லாம் கலியமூர்த்திதான்.

இவர்களிடம் சரக்கு எடுக்கும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, தொழிலாளிகள் சாதாரணமாக எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள், ஓ.டி. எவ்வளவு பார்க்கிறார்கள் என்று கணக்குக் கேட்டிருந்தது. அதற்காகத்தான் என்னை வரச்சொல்லியிருந்தார். கணக்கு சுலபமானது. ஒவ்வொரு ஆளும் அன்றைக்கு முதலில் விரல் வைத்த நேரத்தையும் கடைசியில் வைத்த நேரத்தையும் எடுத்துக் கழிக்க வேண்டும். சாப்பாட்டு அரைமணியைத் தள்ள வேண்டும். எட்டு மணி நேரம்வரை சாதா வேலை, அதற்கு மேல் போனதெல்லாம் ஓ.டி. சில வரிகளில் முடிந்துவிடும் குவெரி. அதற்குள் அவர் தன் மூக்கை நுழைத்தார்.

"அரை மணிக்குக் கொறஞ்சதெல்லாம் ஓ.டி.ல காட்டாத பாப்பா. அது கை கழுவுற நேரம், கதை பேசுற நேரம்."

"சட்டத்துல அப்படி இல்லீங்களே சார்."

"சட்டம் கெடக்குது. நீ போடு."

போட்டேன். எனக்குச் சம்பளம் தருவது தங்கதுரை, தங்கதுரைக்குப் பணம் தருவது இந்த ஆள். என் குவெரி சொன்னபடி கேட்டது. பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஓ.டி. வந்தது, சூளைக்காரர்களுக்கு வந்தது, லோடு ஏற்றுகிறவர்களுக்கு வந்தது. தேய்ப்பு செக்ஷன் பத்துப் பெண்களுக்கு மட்டும் வருடம் முழுக்கப் பூஜ்யம். ஒரு நாள்கூட, ஒருத்திகூட ஐந்தரை மணிக்கு மேல் கம்பெனியில் இல்லை.

பச்சைக் கட்டையை, அதாவது சூளைக்குப் போகாத கட்டையை, உப்புத்தாளால் தேய்த்து ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி வழவழப்பாக்குவது அந்தப் பெண்களின் வேலை. அவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேப்பூர் பஸ்ஸைப் பிடிக்க இருட்டிய பிறகு அந்த வழியாக ஓடும்போதெல்லாம் தேய்ப்பு ஷெட்டில் அவர்கள் தலை தெரியும்.

"போன வாரம் நான் கெளம்பும்போது ஷெட்டுல லைட்டு எரிஞ்சுதே சார். ஆளுங்க இருந்தாங்க."

"லைட்டு எரியும் பாப்பா. லைட்டுக்கு ஓ.டி. குடுக்க முடியுமா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரிப்பு நின்றதும், "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? நீயே சொல்லு" என்றார்.

கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன். வெளியே வந்து குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அது பேனாவுக்காகக் கழுவியது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தங்கதுரை டீயை உறிஞ்சியபடி அந்தச் செய்தியைச் சொன்னார். அந்தக் கம்பெனியில் பாஞ்சாலை என்று ஒரு அம்மா, தேய்ப்பு செக்ஷன். சூளைக்குள் தள்ளும் டிராலி தண்டவாளத்தில் சறுக்கி, டிராலிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. ஜிப்மருக்குக் கொண்டுபோய் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

"எப்ப சார்?"

"செவ்வாக்கெழம சாயந்திரம், ஏழு மணி வாக்குல. ஆனா அது கம்பெனி வேலை இல்லியாம். அஞ்சரைக்கே வெரல் வெச்சிட்டு வெளிய போன பொம்பள, ஒடஞ்ச கட்டைய பொறுக்கிட்டுப் போலாம்னு திரும்ப உள்ள பூந்துருக்குது. மேனேஜரு அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்காரு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "நம்ம ரிப்போர்ட்டத்தான் ஆதாரமா வெச்சிருக்காரு. ஒரு வருசமா அஞ்சரைக்கு மேல அந்த பொம்பளைங்க யாருமே உள்ள இருந்ததில்லன்னு. பாத்தியா, நம்ம சாஃப்ட்வேரு எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு."

ஒரு பெண்ணின் விரல் போயிருக்கிறது, இந்த மனுஷனுக்குத் தன் சாஃப்ட்வேர் ஸ்ட்ராங் என்று சந்தோஷம். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் பாஞ்சாலைக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து ஆயுளுக்கும் மாதா மாதம் ஏதாவது வரும். வேலை நேரம் இல்லை என்றால் ஒன்றும் கிடையாது. வலது கையில் பிடிப்பு இல்லாதவளை இனி எந்தக் கம்பெனியும் தேய்ப்புக்குக் கூப்பிடாது. இரண்டுக்கும் நடுவில் என் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அன்று மத்தியானம் அந்தக் கம்பெனிப் பதிவுகளை மறுபடி திறந்தேன். இந்த முறை மணிக்கணக்கைப் பார்க்கவில்லை. எல்லாப் பதிவையும் நேரப்படி அடுக்கி, ஒரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று கேட்டு ஒரு குவெரி எழுதினேன். மற்ற செக்ஷன்காரர்கள் மனிதர்களைப் போல வந்திருந்தார்கள். ஒருவன் வந்து கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன், நடுவில் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவன் லேட்டு. தேய்ப்புப் பெண்கள் பத்துப் பேரும் இரண்டிரண்டு விநாடி இடைவெளியில் வந்திருந்தார்கள். அதே வரிசை, தினமும். போகும்போதும் அதே வரிசை. யாராவது லீவு என்றால் அந்த ஒரு பெயர் மட்டும் இல்லாமல் மிச்சப் பெயர்கள் அப்படியே. ரேஷன் கடையிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் நான் பார்த்த வரிசைகளில் எந்த வரிசையும் வருடம் முழுக்கக் கலையாமல் நின்றதில்லை.

மறுவாரம் பாஞ்சாலையைப் பார்க்கப் போனேன். மங்கலம்பேட்டை போகும் வழியில் அவர்கள் ஊர். ஷீட்டுப் போட்ட வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வூட்டுல ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்கிறியா கண்ணு" என்றாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"அஞ்சரைக்கு வெளிய போனீங்களாக்கா?"

"அஞ்சரைக்கா? அஞ்சரைக்கு மொத டிராலிக்கே கட்டை அடுக்கிக்கிட்டு இருப்போம். தேச்சி முடிச்சிட்டு, டிராலில அடுக்கி, சூளை வாசல் வரைக்கும் தள்ளி வுட்டுட்டுத்தான் நாங்க கெளம்புவோம். தெனமும் அதான்."

"அப்ப அஞ்சரைக்கு வெரல் வெச்சது யாருக்கா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். இது தெரியாமலா மெஷின் விற்கிறாய் என்ற பார்வை. பிறகு நல்லாயிருந்த இடது கையை நீட்டினாள். "தொட்டுப் பாரு."

தொட்டேன். விரல் நுனிகள் கண்ணாடி போல இருந்தன. கோடு, சுழி ஒன்றுமே இல்லை.

"உப்புத்தாளு கட்டைய மட்டுமா தேய்க்கும், எங்களையுந்தான் தேய்க்கும். அந்த மெஷினு வந்த அன்னிக்கி நாங்க பத்து பேரும் வெரல வெக்கிறோம், அது மாத்தி மாத்திக் கத்துது. மேனேஜரு பாத்தாரு. லேபிள் ஒட்டுற கனகா இருக்கா இல்ல, அவ கையி நல்லா இருக்கும். அவளக் கூட்டியாந்து, அவளோட பத்து வெரலையும் எங்க பத்து பேரு பேருல ஏத்திட்டாரு. வளர்மதி வலது கையி கட்டவெரலு, நான் எடது கையி மோதர வெரலு. இந்த வயசுல மோதர வெரலு கெடச்சிதேன்னு இவளுவ சிரிச்சாளுவ." பாஞ்சாலையும் லேசாகச் சிரித்தாள். "காலைல கனகா வந்து பத்து வெரலையும் வெச்சா நாங்க வந்துட்டோம். அஞ்சரைக்கு அவ வூட்டுக்குப் போறப்ப பத்து வெரலையும் வெச்சா நாங்க போயிட்டோம்."

ஒரு வருடக் கணக்கை விநாடி சுத்தமாக எடுத்துக் கொடுத்தேனே, அது அத்தனையும் ஒரே ஒருத்தி வந்துபோன கணக்கு. அந்தப் பத்துப் பேர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள் என்பது என் டேட்டாபேஸில் எந்த மூலையிலும் கிடையாது. குவெரியில் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருந்தது.

"நீங்க யாரும் கேக்கலியாக்கா?"

"கேட்டோமே. என் வூட்டுக்காரரு போன வாரம்கூடப் போயி கேட்டாரு. மேனேஜரு, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டுப் போ, அவரு வந்து சாட்சி சொல்லட்டும்னு சொல்லி அனுப்பிட்டாரு." கோயிலில் குறையை எழுதிக் கட்டிவிட்டு சாமி தீர்த்துவைப்பார் என்று காத்திருப்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நம்பிக்கை. அதையும் அந்த ஆள் நக்கலுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாதக் கடைசியில் பதிவுகளைப் பிரதியெடுக்க அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. எடுத்த கையோடு விபத்து நடந்த வாரத்தைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பாஞ்சாலை ஐந்தரைக்குப் போயிருந்தாள், சரி. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாஞ்சாலை வேலைக்கு வந்திருந்தாள். ஐந்தரைக்குத் திரும்பிப் போயிருந்தாள். ஜிப்மரில் விரலை எடுத்துக்கொண்டிருந்த நாள் அது. என் குவெரி அதையும் எட்டு மணி நேரம் சாதா வேலை, ஓ.டி. பூஜ்யம் என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டியது. லாப்டாப்பைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

கனகா பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் கையில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லி. நான் விஷயத்தைச் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அடுத்த வாரம் இ.எஸ்.ஐ. ஆபீஸ்லேருந்து விசாரணைக்கு வராங்க கனகாக்கா. என்னையும் வரச்சொல்லியிருக்காங்க, ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்குதே. நீங்க வந்து நடந்தத சொன்னா போதும்."

"வேணாம்மா. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. இந்த வேலையும் இல்லன்னா நான் எங்க போவேன்."

"புதங்கெழம காலைல பாஞ்சாலைக்கா வெரலையும் வெச்சிருக்கீங்க."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு லீவுன்னு தெனம் மேனேஜரு சொல்லுவாரு. அந்த வெரல வுட்டுடுவேன். அன்னிக்கி அவரு ஆஸ்பத்திரி, போலீஸுன்னு அலைஞ்சிக்கிட்டு இருந்தாரு, சொல்ல ஆளு இல்ல. கை பழக்கம், பத்தையும் வெச்சிட்டேன். வெச்சப்புறந்தான் நெனப்பு வந்துது. அவ அங்க வெரலு போயி கெடக்குறா, நான் இங்க அவளுக்கு வெரல் வெச்சிட்டு நிக்கிறேன். ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நான் வரமாட்டேம்மா, என்னக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விசாரணைக்குக் கடலூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அதிகம் பேசாதவர். மேனேஜர் ரூமில் மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் பாஞ்சாலையும், அந்தப் பக்கம் கலியமூர்த்தி. தங்கதுரை முந்தின நாளே எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், குவெரி சரி என்று மட்டும் சொல், வேறு எதையும் வாயால் தொடாதே, மெஷின் தப்பு என்று பேர் வந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று. பாஞ்சாலை இருக்கும் பக்கம் திரும்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வரும்போதே பார்த்தேன், வாசல் சுவரில் மெஷின் இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைதான் இருந்தது. அதிகாரியும் கேட்டார்.

"ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க மேடம். இவங்க கடை மெஷினுதான், சுத்த வேஸ்ட்டு" என்றார் கலியமூர்த்தி. அந்த வேஸ்ட்டு மெஷினிலிருந்து வந்த ரிப்போர்ட்டை அடுத்த நிமிடமே மேடத்தின் முன்னால் விரித்து, "இதுல எல்லாம் பக்காவா இருக்குதுங்க" என்றார். இந்த ஆளுக்குக் கூச்சம் என்ற ஒன்று எங்கேயும் இல்லை.

"இந்த ரிப்போர்ட் நீங்க குடுத்ததா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"ஆமாங்க மேடம். கணக்கு சரி, பதிவுதான் பொய்." லாப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இரண்டிரண்டு விநாடி இடைவெளியில் பத்துப் பேர். கலையாத வரிசை. விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்த பாஞ்சாலை கம்பெனியில் எட்டு மணி நேரம் வேலை செய்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் புதன்கிழமைப் பதிவின் மேல் விரலை வைத்துக் கலியமூர்த்தியைப் பார்த்தார்.

அவருக்கு முகம் வெளிறியது. வெளிறியது ஒரு நொடிதான். "அப்ப இந்தப் பொண்ணுதாங்க எதோ பண்ணியிருக்குது" என்றார். "பாஸ்வேர்டு இதுகிட்டதான் இருக்குது. எந்த வெரல யாரு பேருல வேணாலும் ஏத்தலாம், எந்தத் தேதியில வேணாலும் எழுதலாம். இந்தம்மாவும் இதுவும் கூட்டு. போன மாசம் இது அந்தம்மா வூட்டுக்கே போயிட்டு வந்துருக்குதுங்க மேடம், கேட்டுப் பாருங்க."

"போனீங்களா?"

"போனேங்க மேடம். பாக்கத்தான் போனேன்."

"பதிவ மாத்த உங்களால முடியுமா?"

"முடியுங்க. ஆனா மாத்தல."

"மாத்தலன்னு காட்ட முடியுமா?"

முடியாது. மெஷினுக்குள் இருக்கும் மூலப் பதிவைக் காட்டலாம் என்றால், அதையும் அந்த ஆள் கழற்றிக் கொண்டுபோய்விட்டார். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைப் பார்த்து அந்த ஆள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பாஞ்சாலை, "வுடு கண்ணு" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். எனக்கு அந்த ரூமே நாறியது.

அப்போதுதான் கனகா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விரலில் பசையோடு வாசலில் வந்து நின்று, "நாந்தாங்க வெரல் வெச்சது" என்றாள்.

"யாரும்மா நீ?" என்றார் மேடம்.

"கனகாங்க. லேபிள் ஒட்டுறேன்."

கலியமூர்த்தி எழுந்தேவிட்டார். "மேடம், இது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. எங்க கம்பெனி ஆளே கெடையாது. வேணும்னா அந்தக் கம்ப்யூட்டர்லயே பாருங்க."

மேடம் என்னைப் பார்த்தார். தேடினேன். பெயரைப் போட்டுத் தேடினேன், எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினேன், பேக்கிங் செக்ஷன் முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். கனகா என்று ஒருவரும் இல்லை. ஒரு வருடம் அவளுடைய விரலை மட்டுமே கணக்குப் போட்டிருக்கிறேன், அவளை ஒரு நாள் தேடியதில்லை.

"இல்லீங்க மேடம்" என்றேன். கலியமூர்த்தி உட்கார்ந்தார்.

"பேரு இல்லையேம்மா" என்றார் மேடம்.

"எப்பிடிங்க இருக்கும்? பத்து வெரலும் இவங்க பத்து பேருக்குக் குடுத்தாச்சு. எனக்கு வெக்க வெரல் ஏது? சனிக்கெழம சனிக்கெழம மேனேஜரு சார் கையில குடுப்பாரு, வாங்கிட்டுப் போவேன்."

"நாடகம் போடுறாங்க மேடம்" என்றார் கலியமூர்த்தி. "ரோட்டுல போற பொம்பளையக் கூட்டியாந்து சொல்லவெக்கிறாங்க." சொல்லிவிட்டுப் போனை எடுத்து முதலாளிக்கு ஏதோ தட்ட ஆரம்பித்தார். இந்த விஷயம் முடிந்துவிட்டது என்பது போல இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம்.

மேடம் கனகாவை உட்காரச் சொல்லி, அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினார். காலையில் வைப்பது, யார் லீவு என்று கேட்டு அந்த விரலை விடுவது, சாயந்திரம் வைப்பது, வைத்துவிட்டுப் போகும்போது தேய்ப்பு ஷெட்டில் பத்துப் பேரும் வேலை செய்துகொண்டிருப்பது, அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் இருந்தது. எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. போனில் தட்டும் சத்தமும் பேனாச் சத்தமும்தான் கேட்டன.

"பேரே இல்லாத ஆளு சொன்னத வெச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்களோ" என்று கலியமூர்த்தி போனைப் பார்த்தபடியே முனகினார்.

"கையெழுத்துப் போடுவியாம்மா?" என்று மேடம் கனகாவைக் கேட்டார்.

"தெரியாதுங்க. ரேகதான்."

மேடம் பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். கனகா பசையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நீட்டிய கை மைக்கு மேலே அப்படியே நின்றது. வருடக்கணக்காக ஊறிய பழக்கம், முகம் தானாகக் கலியமூர்த்தியின் பக்கம் திரும்பியது.

"எந்த வெரல வெக்கட்டும் சார்?"

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வலது கட்டவெரல மட்டும் வுட்டுடு. வளர்மதி இன்னிக்கி லீவு."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டாள். மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்து, கனகா சொன்னதற்குக் கீழே மேனேஜர் சொன்னதையும் சொன்னபடியே எழுதி, நேரம் போட்டார். பிறகு, இன்னும் மைக்கு மேலேயே கையை நீட்டிக்கொண்டிருந்த கனகாவைப் பார்த்து, "அது உன் கட்டவெரல்தாம்மா, வெய்யி" என்றார்.